கடலோரத் தலைநகரில் இரண்டு நாள்: ஹெல்சிங்கி பயணக் கேள்வி பதில்

வார இறுதிக்குப் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி போய்வர நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பயணக் குழுவின் பதில்களும்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பிவிட வேண்டும். எந்த மாதம் போகலாம்?

ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள் போங்கள். கோடையின் சூடு அப்போதும் கடல்நீரில் மிச்சமிருக்கும். பகல் 13, 14 மணி நேரம் நீளும். தீவுகளுக்கான கோடைக்காலப் படகுகளும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜூன் மாதம் அழகுதான். ஆனால் சூரியன் விடிகாலை 4 மணிக்கு முன்பே எழுந்து இரவு 10.50 வரை மறையாது. வெளிச்சத்தில் தூக்கம் பிடிக்காதவர்கள் கண்மறைப்புத் துணி எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூனில் ஒரே ஒரு வார இறுதியைக் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். ஜூன் 20க்கும் 26க்கும் இடையில் வரும் சனிக்கிழமைதான் யுஹான்னுஸ் என்ற நடுக்கோடைத் திருநாள். அதற்கு முந்தைய வெள்ளியன்றே ஊர் மக்கள் ஏரிக்கரை வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். கடைகள், உணவகங்கள், அருங்காட்சியகங்கள் பலவும் மூடிக்கிடக்கும். திருவிழா என்று நம்பிப் போனால் வெறிச்சோடிய தெருக்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

டிசம்பரில் சூரியன் காலை 9.20 வாக்கில் உதித்து மாலை 3.10க்கெல்லாம் மறைந்துவிடும். வெளியே பார்க்க வேண்டியதை எல்லாம் 10 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் முடித்தாக வேண்டும். நவம்பர் எங்கள் பட்டியலிலேயே இல்லை. அப்போது மழையும் இருட்டும் இருக்கும், பனி இருக்காது. குளிர்காலத்தை அனுபவிக்கத்தான் போகிறீர்கள் என்றால் பிப்ரவரி பிற்பகுதியோ மார்ச்சோ நல்லது. வெளிச்சம் திரும்பியிருக்கும், பனியும் இருக்கும்.

ஒரு கணக்கை மறக்காதீர்கள். பின்லாந்து நேரம் ஜெர்மனியைவிட ஒரு மணி முன்னே ஓடுகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் மாலை 6 மணிக்கு விமானம் ஏறினால் இறங்கும்போது அங்கே இரவு 9.30 ஆகியிருக்கும். அன்றைக்கு வெளியே சாப்பிட நினைத்தால், சமையலறை எத்தனை மணிக்கு மூடுகிறது என்று முன்பே பார்த்து வையுங்கள். உணவகம் திறந்திருந்தாலும் சமையலறை அதற்கு முன்பே அடைத்துவிடும்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக எந்த டிக்கெட்? மண்டலக் கணக்கு புரியவில்லை.

ஏ, பி, சி, டி என நான்கு மண்டலங்கள். நீங்கள் சுற்றப் போகும் இடமெல்லாம் ஏ, பி மண்டலங்களுக்குள் அடங்கிவிடும். விமான நிலையம் மட்டும் சி மண்டலத்தில் இருக்கிறது. பலரும் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, விலை குறைவு என்று ஏபி டிக்கெட் வாங்கி விமான நிலைய ரயிலில் ஏறுவது. பரிசோதகர் வந்தால் அபராதம்தான், தெரியாமல் செய்தேன் என்றால் ஏற்கமாட்டார்கள். இரண்டாவது, மூன்று நாளுக்கும் சேர்த்து ஏபிசி நாள் டிக்கெட் எடுத்துப் பணத்தை வீணாக்குவது.

சரியான வழி இது. வந்திறங்கியதும் ஏபிசி ஒற்றைப் பயண டிக்கெட் ஒன்று. ஊருக்குள் ஏபி நாள் டிக்கெட். திரும்பும்போது மறுபடி ஓர் ஏபிசி ஒற்றை டிக்கெட். நாள் டிக்கெட் முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரம் செல்லும். சனி காலை 9.30க்குத் தொடங்கினால் ஞாயிறு காலை 9.30 வரை ஓடும் என்பதால், எப்போது தொடங்குவது என்று யோசித்துத் தொடங்குங்கள். 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம்.

எச்எஸ்எல் என்ற நகரப் போக்குவரத்து அமைப்பின் செயலியிலோ, நிலையத்து இயந்திரத்திலோ ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ட்ராம் ஓட்டுநரிடம் டிக்கெட் கிடைக்காது. விமான நிலையத்தில் ரயில் நடைமேடை ஆழத்தில், பாறைக்குள் இருக்கிறது. ஐ (I) என்று ஒரு ரயில், பி (P) என்று ஒரு ரயில். இரண்டும் ஒரே வளையப் பாதையில் எதிரெதிர்த் திசையில் ஓடி, கடைசியில் நகர மைய நிலையத்துக்கே வருகின்றன. எது முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கள். சுமார் அரை மணி நேரம். கார் வாடகைக்கு எடுக்கவே வேண்டாம்.

இரண்டு நாளில் என்னென்ன பார்க்கலாம்? அப்பாவுக்கு 70 வயது, மூட்டுவலி உண்டு. சுவோமென்லின்னா கோட்டைக்கு அவரைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஹெல்சிங்கியில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் அது சுவோமென்லின்னாதான். சனிக்கிழமையின் பாதியை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

ஹெல்சிங்கி துறைமுக வாயிலை ஒட்டிய தீவுகளில் 1748இல் ஸ்வீடன் கட்டத் தொடங்கிய கடற்கோட்டை இது. 1808இல் ரஷ்யப் படையிடம் சரணடைந்தது. பின்லாந்து விடுதலை பெற்ற பிறகு, 1918இல் இந்தப் பெயர் வந்தது. 1991 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். இன்றும் சுமார் 800 பேர் குடியிருக்கிறார்கள். தீவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அருங்காட்சியகங்களுக்கு மட்டும்தான் கட்டணம்.

படகு ஏறுவதில் ஒரு குழப்பம் நேரும். கௌப்பாதோரி சந்தைத் திடலின் கரையில் பல படகுகள் நிற்கும். திடலின் கிழக்குக் கோடியில், குடியரசுத் தலைவர் மாளிகைப் பக்கமாக நிற்பதுதான் நகரப் போக்குவரத்துப் படகு. உங்கள் ஏபி டிக்கெட்டே போதும், 15 நிமிடப் பயணம், ஆண்டு முழுவதும் ஓடும். கோடையில் ஓடும் தனியார் படகுகளுக்கு வேறு டிக்கெட். நாள் டிக்கெட் கையில் இருக்கும்போதே தவறான வரிசையில் நின்று இன்னொரு முறை பணம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு.

இறங்கியதும் எதிரே இளஞ்சிவப்பு நிறத்தில் பழைய படைவீடு தெரியும். அதன் வளைவுக்குள் நுழைந்தால் நீல அடையாளப் பலகைகள் வழிகாட்டும். அந்தப் பாதை தீவுகளின் நடுவே சுமார் 1.5 கி.மீ. போய், தெற்கு முனையில் மன்னர் வாசலில் முடிகிறது. தூரம் பெரிதில்லை, கல் பாவிய தரைதான் சிரமம். உருண்டைக் கற்கள் மழையில் வழுக்கும், மூட்டுக்கு அதிர்வு கொடுக்கும். அப்பாவுக்குத் தடித்த அடிப்பாகம் கொண்ட செருப்போ ஷூவோ போட்டுவிடுங்கள். கோடையில் போனால் இப்படிச் செய்யலாம்: போகும்போது நகரப் படகில் போய் மெதுவாகத் தெற்கு நோக்கி நடந்து, திரும்பும்போது மட்டும் மன்னர் வாசல் பக்கத்திலிருந்து கிளம்பும் தனியார் படகைப் பிடியுங்கள். கூடுதல் டிக்கெட்தான், ஆனால் அந்த 1.5 கி.மீ. திரும்பி நடக்க வேண்டியதில்லை. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் எஹ்ரென்ஸ்வார்ட் கல்லறை இருக்கும் முற்றம் வரை போய்த் திரும்பலாம். கோட்டையைத் திட்டமிட்டவர் அவர். பக்கத்திலேயே 18ஆம் நூற்றாண்டு உலர் கப்பல்துறையும் இருக்கிறது. பழைய மரக்கப்பல்களை இன்றும் அதில்தான் செப்பனிடுகிறார்கள்.

கூட வரும் குழந்தைகள் மீது கண் வையுங்கள். மதில்களின் மேல் புல் முளைத்து மேடு போலத் தெரியும், மறுபக்கம் செங்குத்தான இறக்கம். வேலி கிடையாது. சுரங்கப் பாதைகளுக்குள் கைவிளக்கு தேவை, குனிந்துதான் போக வேண்டும்.

மாலை வரை இருக்க முடிந்தால் ஒரு காட்சி காத்திருக்கிறது. ஸ்டாக்ஹோம் போகும் பெரிய கப்பல்கள் மாலை 5 மணியை ஒட்டி ஹெல்சிங்கியிலிருந்து கிளம்புகின்றன. கோட்டையின் தெற்கே குஸ்தான்மியெக்கா என்ற குறுகிய நீரிணை வழியாகத்தான் அவை வெளிக்கடலுக்குப் போக முடியும். பத்து மாடி உயரக் கப்பல் ஒன்று பீரங்கிகள் நிற்கும் கரையை உரசுவது போலக் கடக்கும். மேல்தளத்தில் நிற்பவர்களின் முகம்கூடத் தெரியும்.

மிச்ச நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். சனி காலை படகு ஏறும் முன் கௌப்பாதோரி திடலையும் அதன் ஓரத்தில் 1889 முதல் இருக்கும் பழைய சந்தைக் கட்டடத்தையும் பார்த்துவிடுங்கள். ஞாயிறன்று கடைகள் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் திடலில் பட்டாணியும் பெர்ரிப் பழங்களும் குவித்திருப்பார்கள். எடை போடுவதில்லை, நம் ஊர்ப் படி போல லிட்டர் அளவையில் அளந்து கொடுப்பார்கள். பச்சைப் பட்டாணியைத் தோலோடு வாங்கி, நடந்தபடியே உரித்துத் தின்பது அந்த ஊர் வழக்கம். கையில் தீனி இருந்தால் கடற்காகம் மேல் கவனம் இருக்கட்டும். பின்னாலிருந்து பாய்ந்து வந்து ஒரே கவ்வாகக் கவ்விப் போய்விடும். குடையின் கீழ் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஞாயிறு காலை செனட் சதுக்கமும் 1852இல் கட்டி முடித்த வெள்ளைப் பேராலயமும். பிற்பகல் டெம்பெலியாவ்கியோ தேவாலயம். பாறையைக் குடைந்து 1969இல் கட்டியது, மேலே செப்புக் கூரை. முற்பகலில் போகாதீர்கள், வழிபாடு நடக்கும் நேரத்தில் பார்வையாளர்களை விடுவதில்லை. மழை வந்தால் ஊடி மைய நூலகத்துக்குள் போய்விடுங்கள். 2018 டிசம்பரில் திறந்த கட்டடம், நுழைவு இலவசம், கழிப்பறை உட்பட. மூன்றாம் மாடி மொட்டைமாடித் தளம் நாடாளுமன்றத்தை நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கும். திங்கட்கிழமைவரை தங்குவோர் கவனிக்க: பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் திங்களன்று விடுமுறை.

அப்படியே கப்பலில் எஸ்தோனியத் தலைநகர் டாலினுக்கும் ஒரு நடை போய்வந்துவிடலாமா?

இரண்டே நாள் என்றால் வேண்டாம். கடல் தூரம் சுமார் 80 கி.மீ., கப்பல் 2 மணி முதல் இரண்டரை மணி நேரம் எடுக்கும். முனையத்துக்குப் போகும் நேரம், புறப்பாட்டுக்கு 20, 30 நிமிடம் முன்பே மூடிவிடும் செக்-இன், இறங்கி வெளியே வரும் நேரம் எல்லாம் சேர்த்தால் போகவே மூன்றரை மணி ஆகும். வரவும் அதே. ஒரு பகலில் ஏழு மணி நேரத்தைக் கப்பலுக்கே கொடுத்துவிட்டு இரண்டு ஊரையும் அரைகுறையாகப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

மூன்றாவது நாள் இருந்தால் அருமையான பயணம். எஸ்தோனியாவும் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் ஒருமுறை நுழையும் விசாவே போதும். ஆனாலும் கடவுச்சீட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஹெல்சிங்கியில் முனையங்கள் பல, எந்த நிறுவனம் எந்த முனையத்திலிருந்து என்பது டிக்கெட்டில் இருக்கும்.

கடல் பயணம்தான் ஆசை என்றால் கோடையில் கௌப்பாதோரியிலிருந்தே ஒன்றரை மணி நேரத் தீவுச் சுற்றுப் படகுகள் கிளம்புகின்றன. அல்லது சுவோமென்லின்னாவின் பக்கத்துத் தீவான வல்லிசாரிக்குப் போகலாம். ராணுவத்தின் கையில் இருந்து 2016இல்தான் மக்களுக்குத் திறந்தது. வெடிக்காத குண்டுகள் மண்ணில் இருக்கலாம் என்பதால் குறித்த பாதையை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது.

நாங்கள் சைவம். முட்டை சாப்பிடுவோம். பட்டினி கிடக்க வேண்டிவருமா?

வராது. ஆனால் உணவுப் பட்டியலில் உள்ள எழுத்துகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 'வி.எல்.' என்று பார்த்ததும் சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பாலில் உள்ள லாக்டோஸ் குறைவு என்பதைக் குறிப்பது, இறைச்சி உணவின் பக்கத்திலும் போட்டிருப்பார்கள். 'எல்' என்றால் லாக்டோஸ் இல்லை, 'எம்' என்றால் பால் இல்லை, 'ஜி' என்றால் குளூட்டன் இல்லை. 'வி.இ.' வீகன். தனியாக 'வி' இருந்தால் கேட்டுவிடுங்கள், கடைக்குக் கடை பொருள் மாறும். காதில் விழும் சொற்களில் 'லிஹா' இறைச்சி, 'கனா' கோழி, 'கலா' மீன், 'முனா' முட்டை, 'கஸ்விஸ்' காய்கறி.

பட்டாணி சூப் கேட்கச் சைவம் போல இருக்கும். வியாழக்கிழமைகளில் எங்கும் கிடைக்கும் அந்த சூப்பில் வழக்கமாகப் பன்றி இறைச்சி போடுவார்கள். நம்பிக்கையாகச் சாப்பிடக் கூடியது கர்யாலன் பீரக்கா. கம்பு போன்ற நிறத்தில் ரை என்ற தானிய மாவில் மெல்லிய மடிப்பு, உள்ளே பாலில் குழைய வேகவைத்த அரிசி. மேலே வெண்ணெயில் மசித்த அவித்த முட்டையைத் தடவித் தருவார்கள். காபியோடு கொர்வபூஸ்தி என்ற லவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி சாப்பிடுங்கள். மாவிலேயே ஏலக்காயை இடித்துப் போட்டுப் பிசைவதால் பிட்டதும் பழகிய வாசனை வரும்.

செலவைக் குறைக்க ஒரு வழி. வார நாட்களில் ஏறக்குறைய 11 மணி முதல் 2 மணி வரை 'லௌனஸ்' என்ற மதிய உணவு உண்டு. சாலட், ரொட்டி, காபி எல்லாம் அதே விலையில் அடங்கும். சனி, ஞாயிறில் பெரும்பாலான இடங்களில் இது கிடையாது. வெள்ளி காலையே இறங்க முடிந்தால் நல்ல சாப்பாட்டை அன்று மதியம் வைத்துக்கொள்ளுங்கள். விடுதியின் காலை உணவில் கஞ்சி, ரை ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் இருக்கும். அதையும் நிறைவாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

நானும் என் அண்ணியும் போகிறோம். சௌனா என்ற வெப்ப அறைக் குளியலில் ஆடையில்லாமல்தான் உட்கார வேண்டுமாமே? தயக்கமாக இருக்கிறது.

இடத்தைப் பொறுத்தது. ஹெர்னெசாரி கரையில் 2016இல் திறந்த 'லோய்லு' ஆண், பெண் சேர்ந்து இருக்கும் இடம், அதனால் நீச்சலுடை கட்டாயம். முன்பதிவு 2 மணி நேரத்துக்கு. துண்டும் உட்காரும் விரிப்பும் கட்டணத்திலேயே அடங்கும். வார இறுதி மாலைகள் சீக்கிரம் நிரம்பும், விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் பதிவு செய்துவிடுங்கள். கல்லியோ பகுதியில் 1928 முதல் விறகில் எரியும் 'கோட்டிஹர்யு' பழைய முறை. பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி, உள்ளே ஆடை இல்லை. யாரும் யாரையும் பார்ப்பதில்லை, ஆனாலும் முதல் முறைக்கு லோய்லுதான் உங்களுக்குப் பொருந்தும்.

முறை எளிது. முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிடுங்கள். விரிப்பைப் போட்டு உட்காருங்கள். உள்ளே மரப்படிகள் இருக்கும், மேலே போகப் போகச் சூடு ஏறும். முதல் சுற்றில் கீழ்ப்படியே போதும். வெப்பம் 80 டிகிரி வாக்கில் இருக்கும். அடுப்பின் மேல் கற்கள், பக்கத்தில் வாளியும் நீண்ட அகப்பையும் இருக்கும். கற்களின் மேல் ஊற்றும் தண்ணீர் ஆவியாகி எழுவதற்குத்தான் 'லோய்லு' என்று பெயர். ஊற்றும் முன் மற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 10 நிமிடம் போல இருந்துவிட்டு வெளியே வந்து ஆறுங்கள், தண்ணீர் குடியுங்கள், மறுபடி போங்கள். இரண்டு மூன்று சுற்று.

நம் பெண்கள் கவனிக்க வேண்டியது நகை. தங்கச் சங்கிலி, தாலிக்கொடி, மெட்டி, தோடு எல்லாம் அந்தச் சூட்டில் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். கழற்ற முடிந்ததை அலமாரியில் பூட்டிவிடுங்கள். தாலியைக் கழற்றமாட்டீர்கள் என்றால் ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு கீழ்ப்படியிலேயே இருங்கள். கடலில் இறங்குவதானால் ஏணியைப் பிடித்தபடி மெதுவாக இறங்குங்கள், குதிக்காதீர்கள். சில்லென்ற நீரில் மூச்சு திடீரென்று வாங்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஜூலையில் குழந்தைகளோடு போகிறோம். கடலில் குளிக்கலாமா?

குளிக்கலாம். அலை அடங்கிய கடல், ஏற்றவற்றம் ஏறக்குறைய இல்லை, உப்பும் பெருங்கடலில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் இரண்டு விஷயம். தென்மேற்குக் காற்று சில நாள் தொடர்ந்து வீசினால் மேல்பரப்பின் வெதுவெதுப்பான நீர் கரையை விட்டு விலகி, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். வெயில் கொளுத்தும் நாளிலேயே தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நேற்று நன்றாக இருந்ததே என்று நம்பிக் குழந்தையை இறக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று நீலப்பச்சைப் பாசி. காற்றில்லாத வெயில் நாட்களில் கரையோரம் பச்சைச் சாயம் கொட்டியது போல மிதக்கும். நச்சுத்தன்மை இருக்கலாம், குழந்தைகளுக்குத்தான் அதிகப் பாதிப்பு. ஒரு குச்சியால் கோதி எடுத்துப் பாருங்கள். குச்சியில் நூல் போலத் தொங்கினால் சாதாரணப் பாசி. தண்ணீரிலேயே துகள் துகளாகக் கரைந்து பிரிந்தால் நீலப்பச்சைப் பாசி, அன்று கடலில் இறங்க வேண்டாம். கரையில் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் குச்சிச் சோதனையே தேவையில்லை.

பிப்ரவரியில் போகிறேன். எந்த மாதிரி ஷூ?

நனையாத, கணுக்கால் மூடிய, அடிப்பாகம் மென்மையான ரப்பர் ஷூ. கெட்டியான பிளாஸ்டிக் அடிப்பாகம் குளிரில் இறுகிக் கண்ணாடி போல வழுக்கும். கம்பளிக் காலுறை போட இடம் இருக்கும்படி அரை அளவு பெரிதாக வாங்குங்கள், இறுக்கமான ஷூவில் கால் சீக்கிரம் விறைக்கும். பகலில் உருகி இரவில் உறையும் நாட்கள்தான் மோசம். ஷூவின் மேல் மாட்டும் ஆணி பதித்த ரப்பர் பட்டை அங்கே கடைகளில் கிடைக்கும். வழவழப்பான தரைக்குள் நுழையும்போது அதைக் கழற்றிவிடுங்கள். நடைபாதையில் மரத்தடியைச் சாய்த்துத் தடுத்து வைத்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள். கூரையிலிருந்து பனி விழும் இடம் என்று அர்த்தம்.

இந்தியக் கடவுச்சீட்டு. பாரிஸில் ஐந்து நாள், ஹெல்சிங்கியில் இரண்டு நாள். எந்த நாட்டுக்கு விசா விண்ணப்பம்?

அதிக நாள் தங்குவது பிரான்சில், ஆகவே பிரான்சுக்கு. நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். அந்தக் கடைசி வரம்பை நம்பி இருக்காதீர்கள்.

ரொக்கம் எவ்வளவு? தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டுமா?

ரொக்கம் இல்லாமலேயே சமாளிக்கலாம். சந்தைக் கடையிலும் கார்டு வாங்குகிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் தொகையை 5 சென்டுக்கு முழுதாக்குவார்கள், 1, 2 சென்ட் நாணயம் அங்கே புழக்கத்தில் இல்லை. இந்திய மூன்று முனை பிளக் பொருந்தாது, அடாப்டர் எடுத்துப் போங்கள்.

குழாய்த் தண்ணீரையே குடியுங்கள். பைய்யன்னே ஏரியிலிருந்து பாறைக்குள் 120 கி.மீ. சுரங்கம் வழியாக வரும் நீர் அது. காலிப் பாட்டிலை எங்கு வேண்டுமானாலும் நிரப்பலாம். எப்போதாவது அரை லிட்டர் பாட்டில் வாங்கினால் விலையோடு 20 சென்ட் வைப்புத்தொகையும் சேர்ந்திருக்கும். நசுக்காமல், லேபிளைக் கிழிக்காமல் கொண்டுபோய்ப் பல்பொருள் அங்காடி வாசலில் இருக்கும் இயந்திரத்தில் போடுங்கள். அது தரும் சீட்டை அந்தக் கடையின் கல்லாவில் கொடுத்தால் காசு திரும்பி வரும்.